பெரியப்பாவின் வலது தோள்

பிள்ளைகளே, நேற்று எதிர்வீட்டுத் தாத்தாவை எழுப்பிவிடுகிறோம் என்று அவருடைய வாதத்தில் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தீர்கள். அதற்கு உங்களைச் சத்தம் போட்டேன். உதவி செய்யப் போனதற்குத் திட்டா என்று முகம் வாடிவிட்டீர்கள். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, தென்காசியில் எங்கள் பெரியப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் தேறியது. கை மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கிற்று. கொஞ்ச நாளில் அந்தத் தோளில் வலி கண்டது.

பெரியம்மாவுக்கோ அதில் ஒரே சந்தோஷம். செத்த கையில் வலி வருமா? உயிர் திரும்புகிறது என்று முடிவுகட்டிவிட்டாள். தினமும் அந்தக் கையைப் பிடித்துத்தான் அவரைத் தூக்கி உட்கார்த்துவாள். அவர் கத்தினால் இவள் முகம் மலரும்.

"வலிக்கா? வலிக்கட்டும், வலிக்கட்டும். கை முழிச்சிட்டு வருதுல்லா!"

சீசன் தொடங்கியதும் குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தோம். எண்ணெய் தேய்க்கிறவர் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுண்டு சுண்டினார். பெரியப்பா போட்ட சத்தத்தில், பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, எனக்கு மெதுவாத் தேய்ங்க" என்றார். பெரியம்மா மட்டும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அவரால் படுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா தோள்முனையில் விரல் வைத்தார். அங்கே ஒரு பள்ளம் இருந்தது.

"தோளைப் பிடிச்சு நிறுத்துற தசையெல்லாம் தளர்ந்துபோச்சு. கையோட கனமே எலும்பைக் குழியிலிருந்து கீழே இழுக்குது. இந்தக் கையைப் பிடிச்சா தூக்குனீங்க?"

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தான்... தெனமும் நாந்தான்..."

பெரியப்பா குழறிக் குழறி முந்திக்கொண்டார். "அவ தூக்குனதுல ஒண்ணுமில்ல டாக்டர். இது சாரக்காத்து பட்ட வலி. அவ தூக்கலேன்னா நான் இன்னும் படுத்தேல்லா கெடப்பேன்."

டாக்டரம்மா வாதாடவில்லை. கைக்கு அடியில் தலையணை வைக்கவும், முதுகில் கைகொடுத்து எழுப்பவும் பெரியம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார்.

எனக்கு டாக்டரைவிடப் பெரியப்பா பேச்சில்தான் நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் மொட்டைமாடிக்கு ஏறினேன். சட்டையைக் கழற்றி, வலி வருகிறதா பார்க்கலாம் என்று வலது தோளைச் சாரல் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்தது. தோள் மட்டும் வலிக்கவே இல்லை.