கல்வராயன் மலையில் ஒரு வியாழக்கிழமை: பயிற்சி அறைக்கு வந்த முதல் குழந்தை

என் மகள் ஜெனிக்கு மூன்றே முக்கால் வயது. குறைமாதத்தில் பிறந்தவள், இரண்டரை வயதில்தான் நடந்தாள். வாரம் இரண்டு நாள் நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சியில் உள்ள ஓர் இலவசப் பயிற்சி மையத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறேன். உட்கார, நடக்க, பேச எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு. இந்த ஜனவரியில் அதே மையம் கல்வராயன் மலையிலும் வியாழக்கிழமைகளில் ஓர் அறையைத் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் ஒரு குழந்தைகூட வரவில்லை. மூன்றாவது வாரமும் பெயர் பதிவாகாவிட்டால் மூடிவிடுவார்களாம்.

"மலைல இருக்கிற அம்மாங்க நான் சொன்னா நம்ப மாட்றாங்க. நீங்க ஜெனியோட ஒரு தபா வாங்க" என்றார் பயிற்சியாளர் சுகன்யா. பெற்ற பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குகிறோமோ என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன்.

காலை 5.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, சின்னசேலத்தில் பஸ் மாறி, 7.20க்குக் கள்ளக்குறிச்சி. சுகன்யா அங்கே சேர்ந்துகொண்டார். வெள்ளிமலை பஸ் 7.45க்கு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. "கொயந்தய ஜன்னலாண்ட வெச்சிக்கமா, வளைவு ஜாஸ்தி" என்றார் கண்டக்டர். சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. ஜெனி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். (ஒரு மாற்று உடை போதாது, இரண்டு வையுங்கள்.)

9.30க்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஷேர் ஜீப்பில் ஆறு கிலோமீட்டர், தலைக்கு முப்பது ரூபாய். அறை என்பது ஒரு பழைய அங்கன்வாடிக் கட்டடம். உள்ளே பாய், பெரிய ரப்பர் பந்து, சுவரில் கண்ணாடி. ஒரு மணி நேரம் நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

10.40க்கு உள்கிராமத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு எதிரே பலா மரத்தடியில் நின்றுவிட்டார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு நானே ஜெனியோடு அவரிடம் போனேன். அவர் பெயர் செல்வி. குழந்தை தீபாவுக்கு இரண்டு வயது. கழுத்து நின்றிருந்தது, உட்கார வரவில்லை.

"உள்ள வாங்க."

"பேர எழுதிட்டா புள்ளய ஹாஸ்டலுக்கு இட்டுகினு போயிடுவாங்களாமே?"

"என் பொண்ணு பேர எழுதி ரெண்டு வருசம் ஆவுது. என்கூட வூட்லதான் கீறா."

செல்வி ஜெனியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா பேசுமா?"

பேசும் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"நாலு வார்த்தை வருது. 'பஸ்' வரும், 'பூ' வரும். 'அம்மா' இன்னும் வரல."

"ரெண்டு வருசம் போயுமா?"

"ஆமா. ஆனா வரும்போது நிக்கக்கூட மாட்டா. இப்போ இவள புடிக்கவே ஓடிக்கினு கீறேன்."

அவர் சிரிக்கவில்லை. தீபாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்.

சுகன்யா தீபாவின் பெயரை எழுதிக்கொண்டு, அவளைப் பந்தின் மேல் வைத்து, இடுப்பை எங்கே பிடிப்பது, எவ்வளவு சாய்ப்பது என்று செல்வியின் கையாலேயே செய்ய வைத்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே ஹாரன் அடித்தது. செல்வி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினார்.

"இன்னா அவசரம்?" என்று வெளியே நின்ற ஜீப் ஓட்டுநரைக் கேட்டேன்.

"அந்த பஸ்ஸு பதினொன்ரைக்குத் திரும்பிடுங்க. வுட்டா சாயங்காலம்தான். வேலைய வுட்டுட்டு யாருங்க அதுவரைக்கும் இங்க குந்திகினு இருப்பாங்க?"

இரண்டு வாரமாக யாரும் வராததற்கு நாங்கள் என்னென்னவோ காரணம் பேசியிருந்தோம். பஸ் நேரத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. சுகன்யா அங்கிருந்தே மையத்துக்கு போன் செய்தார். பதிவேட்டில் ஒரு பெயர் ஏறிவிட்டதால் அறையை மூடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பந்தும் பாயும் ஜீப்பில் செல்வியின் ஊருக்கே போவதாக முடிவானது.

ஆறு வாரம் கழித்து சுகன்யாவின் போனில் செல்வி என்னோடு பேசினார். இப்போது ஐந்து குழந்தைகள் வருகிறார்களாம். "கைய வுட்டுட்டேன்க்கா. நான் பத்து எண்ற வரைக்கும் தனியா குந்தினு இருந்துச்சு."

இதே காரியமாக மலைக்குப் போகிறவர்கள் வியாழக்கிழமை 7.45 பஸ்ஸைப் பிடியுங்கள். திரும்ப வெள்ளிமலையில் 2.15க்கு பஸ் உண்டு. பெயர் பதியக் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் ஆதார் நகலும் போதும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம், அதை வாங்கும் வழியை அவர்களே சொல்கிறார்கள். "சில பிள்ளைங்க லேட்டாதான் நடக்கும்" என்று சொல்ல ஊரில் எப்போதும் யாராவது இருப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சி மையம் இருபத்திரண்டு கிலோமீட்டர். முதல்முறை அங்கே போய்ச் சேர எனக்குப் பதினோரு மாதம் ஆனது.