செத்த சதையை மட்டும்

அப்பாவின் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். சுரக்குடி வயல்களில் நடவும் களையுமாகக் கிடந்தவளுக்குச் சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனது. நத்தை ஓடு குதிகாலைக் கிழித்தது அவளுக்கே தெரியவில்லை. புண் நாற ஆரம்பித்ததும் அம்மா அவள் பாயை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினாள். சோற்றுத் தட்டை எட்ட நின்றே நீட்டினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டுத்துணியை அவிழ்த்தபோது புண்ணுக்குள் வெள்ளையாக நெளிந்தது. அப்பா மாட்டுக்குச் செய்வதைச் செய்தார். சீத்தா இலையைக் கசக்கிப் புண்ணில் திணித்துக் கட்டினார். காலையில் பாயில் புழுக்கள் கொத்தாகக் கொட்டிக் கிடந்தன. ஆனால் உள்ளே இன்னும் அசைந்தது. வலி தெரியாததால் அத்தைக்குச் சிரிக்க முடிந்தது.

"நடவுக்கு ஆளு கெடைக்கலங்கிறாங்களே மருமவனே, இங்க பாரு, எத்தனை பேரு குனிஞ்சு வேலை செய்றாங்கன்னு."

காரைக்காலுக்குக் கூட்டிப் போகலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, டாக்டரிடம் பேச நான்தான் போகவேண்டும். எனக்கோ மறுநாள் புதுச்சேரியில் எழுத்தர் தேர்வு. மதியம் பஸ் ஏற வேண்டும். போனில் தேடினேன். வெளிநாட்டில் டாக்டர்களே புண்ணில் புழு விட்டுச் சுத்தம் செய்வதாக ஒரு கட்டுரை இருந்தது.

"புழு செத்த சதையைத்தான் திங்குமாம்ப்பா. நல்ல சதையைத் தொடாதாம். திங்கக்கெழம நான் வந்து அழைச்சிட்டுப் போறேன்."

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் தாண்டியதே நான் ஒருவன்தான். அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. விசாரித்த பக்கத்து வீட்டாரிடம், பிள்ளை படித்துப் பார்த்துவிட்டான், பயமில்லை என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறார். புழு தன் வேலையைச் செய்யட்டும் என்று சீத்தா இலையையும் நிறுத்திவிட்டார்.

தேர்வை நன்றாகத்தான் எழுதினேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை அத்தையை ஆட்டோவில் ஏற்றும்போது காய்ச்சல் கொதித்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னதும் அவர் கத்தவில்லை. அது சுத்தமாகத் தனியே வளர்க்கிற புழு, இங்கே புண்ணில் முட்டையிடுவது வேறு ஈ, அதன் புழு உயிருள்ள சதையையும் தின்றுகொண்டே உள்ளே போகும் என்று பொறுமையாக விளக்கினார். சீழ் மேலேறிவிட்டதாம். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தால்தான் உயிர் தங்குமாம்.

"ரெண்டு நாள் முன்னாடி அழைச்சிட்டு வந்திருந்தா பாதத்தை மட்டும் எடுக்கறதோட போயிருக்குங்க," என்றார்.

சம்மதப் படிவத்தை அப்பா வாங்கக்கூட இல்லை. என் பக்கம் கைகாட்டினார். இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன மருமவனே எழுதியிருக்கு?" என்று கட்டிலில் இருந்து அத்தை கேட்டாள்.

"புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டப் போறாங்களாம் அத்தை."

சரி என்று தலையாட்டினாள். புடவையைத் தானே முழங்கால்வரை ஒதுக்கி, காலை நீட்டிக் கொடுத்தாள்.