யாருடைய மூட்டை என்று அவர் கேட்டது அம்மன் காதில் விழுந்தது

அம்மனை நம்பி விளக்கேற்றும் அக்கா தங்கச்சிகளே, நான் வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையில் கூடைமீன் விற்கிறவள். மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஆவணி மாதம் என் வீட்டுக்காரரைக் கஞ்சா வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். பீடி வாடையே ஆகாத மனுஷர் அவர். அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நடந்தது இதுதான். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று தனியாக நண்டு வலைக்குப் போனார். திரும்பும்போது நீலத் தார்ப்பாய் சுற்றிய மூட்டை ஒன்று மிதந்து வந்தது. எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் எது மிதந்தாலும் வயர்லெஸ் செட்டில் சொல்லிவிட்டு, கரைக்குக் கொண்டுவந்து உடையவரிடம் கொடுக்க வேண்டும். அறுந்து மிதக்கிற வலை திரும்பக் கிடைக்காவிட்டால் பிழைப்பே போச்சு என்பதால் வந்த வழக்கம். அவரும் அப்படித்தான் செட்டில் யாருடையது என்று கேட்டுவிட்டு மூட்டையைப் படகில் ஏற்றினார். கரை நெருங்கும்போது கடலோர ரோந்துப் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். மூட்டையை அவரே காட்டினார். பிரித்தால் உள்ளே கஞ்சா.

தஞ்சாவூரில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவர் பூசி மெழுகாமல் சொன்னார்.

"இருபது கிலோவைத் தாண்டிடுச்சும்மா. சட்டத்துல இது வியாபார அளவு. நிரூபணமானா பத்து வருஷத்துக்குக் குறையாது. ஜாமீனும் லேசுல கிடைக்காது."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க!"

"கையில இருந்துச்சுன்னா தெரிஞ்சேதான் வச்சிருந்தார்னு கோர்ட்டு எடுத்துக்கும். தெரியாதுன்னு நாமதான் காட்டணும். அவர் செட்டில கேட்டதை யாராவது காதால கேட்டாங்களா?"

கேட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் மூன்று படகுகள் இருந்தன. அதில் ஒன்று என் கூடப்பிறந்த அண்ணனுடையது.

ஓடினேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கேட்டேன்தான். ஆனா சாட்சிக்குப் போனா என்னையும் அந்தக் கேஸ்ல சேத்துட்டா? என் படகைப் புடிச்சுட்டா எம்புள்ளைங்க கதி என்ன, தங்கச்சி?" என்றது. மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். முதல் ஜாமீன் மனு தள்ளுபடியானது. ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் அரை ஆளாக நின்றார். "வலையை யாராவது நிழல்ல போட்டாங்களா?" என்று கேட்டார்.

ஊர் வந்ததும் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பேரம் பேசியே பழகிய வாய் எனக்கு. அன்று பேரமும் வரவில்லை, கும்பிடவும் வரவில்லை. சண்டைதான் வந்தது. "ஏண்டி ஆத்தா, ஊர் வழக்கப்படி நடந்தவனுக்கு ஜெயிலா? உனக்குக் கண்ணு இருக்கா?" என்று கத்தினேன். பூசாரி வெளியே போய்விட்டார். கத்தி ஓய்ந்த பிறகு தரையில் விழுந்து அழுதேன். அவரை விடச் சொல்லிக் கேட்கவில்லை. "எங்க அண்ணனுக்குப் பயத்தை எடுத்துடு தாயே, வாயைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். தினமும் கூடையை இறக்கியதும் போய் அதையே கேட்டேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் போலப் பார்த்தார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு காலை அண்ணன் என் வாசலில் நின்றது. சலவை செய்த சட்டை. பின்னால் ஒரு வேன். வேனுக்குள் மற்ற இரண்டு படகுக்காரர்களும்!

"செட்டை ஆன் பண்ணாலே மாப்பிள்ளை குரல்தான் கேக்குது. 'நீல மூட்டை மிதக்குது, யாரோடது? கரைக்குக் கொண்டாறேன், வந்து எடுத்துக்கங்க.' என்னால கடலுக்குப் போக முடியல தங்கச்சி. சொந்தக்காரன் பேச்சை மட்டும் நம்ப மாட்டாங்கன்னு இவங்களையும் கூட்டியாந்தேன். கிளம்பு."

மூவரும் விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். மறுபடி மனு போட்டோம். அரசு வக்கீல் எழுந்து எதிர்த்தார். வக்கீலம்மா ஒன்றுதான் கேட்டார்: "கடத்துகிறவர் கடல் முழுக்கக் கேட்கும்படி 'இது யாருடையது' என்று கூவுவாரா?" நீதிபதி தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அம்மன் பேர்கூட மறந்துபோனது. ஜாமீன் என்றார்கள். அண்ணன் அங்கேயே முகத்தை மூடி அழுதது. போன தை மாதம் விடுதலை என்று தீர்ப்பும் வந்தது. மாவிளக்கு போட்டேன். கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை என்றே நம்புகிறேன்.

உங்களுக்கும் எல்லாக் கதவும் அடைத்தாற்போல இருக்கிறதா? போய் அவளிடம் சொல்லுங்கள். கும்பிட வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவள் கேட்பாள். இன்னொன்றும் சொல்கிறேன்: முன்பின் தெரியாத மூட்டையை, பையை, யார் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டையும் அப்படியே மாற்றிவிட்டோம்.

இப்போது செட்டில் யாராவது "ஒரு மூட்டை மிதக்குது, யாரோடது?" என்று கேட்டால், முதல் ஆளாக என் அண்ணன் குரல்தான் வருகிறது.

"தொடாத. போலீசுக்குச் சொல்லு. நீ கேட்டது எங்காதுல விழுந்துச்சு. எந்தக் கோர்ட்டா இருந்தாலும் நான் வர்றேன்."