கன்னியம்மா அக்காவோட இலை

கன்னியம்மா அக்கா போயிட்டாங்க. மாரடைப்பாம்.

எங்க பழைய கேட்டரிங் வாட்ஸ்அப் குரூப்ல பார்த்துதான் தெரியும். வரிசையா கும்பிடற எமோஜி... அதுக்குக் கீழேயே "ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்கு இலை எடுக்க ஒரு ஆள் வேணும்"னு மெசேஜ். பத்து நிமிஷம்கூட ஆகல.

தெரியாதவங்களுக்கு... ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல நான் பந்தி சூப்பர்வைசரா இருந்தப்போ, அங்க சாப்பிட்ட இலையெல்லாம் எடுத்தவங்க. பள்ளிக்கரணையில இருந்து வருவாங்க. நீங்க அங்க சாப்பிட்டிருந்தா உங்க இலையையும் எடுத்திருப்பாங்க. முகம் ஞாபகம் இருக்காது. யாரு நிமிர்ந்து பார்க்கறோம்?

சமையல் எப்படின்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். முதல் பந்தி இலையை எடுத்துட்டு நேரா என்கிட்ட வருவாங்க. "தம்பி, கூட்டுல உப்பு தூக்கலா கீது. பாதி இலைல அப்பிடியே கெடக்குது."

நான் போய் மாஸ்டர்கிட்ட சொல்வேன், நானே கண்டுபிடிச்ச மாதிரி. ஓனர் பாராட்டினதெல்லாம் எனக்குத்தான். ஒரு தடவகூட அவங்க பேரைச் சொன்னதில்ல.

அவங்க சாப்பாடு மட்டும் பின்னாடி, பாத்திரம் கழுவற இடத்துல, தட்டுல. நின்னுகிட்டே.

அவங்க பொண்ணு கல்யாணம் அதே மண்டபத்துலதான் நடந்துச்சு. அக்கா அரக்கு கலர் பட்டுப்புடவை, தலை நிறைய பூ. "தம்பி, இன்னிக்கு நானும் பந்தில ஒக்காந்து துன்னப் போறேன், இன்னா?"ன்னு சிரிச்சாங்க.

"ஜம்முனு உக்காருங்கக்கா"ன்னேன்.

மூணாவது பந்தியில உக்காந்தாங்க. இலையில தண்ணி தெளிச்சு ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா துடைச்சாங்க. உப்பு, ஸ்வீட், பொரியல், அவியல், அப்பளம்... சோறு வந்து சாம்பாரும் ஊத்தியாச்சு. பிசைஞ்சுட்டாங்க.

அன்னைக்குன்னு பார்த்து இலை எடுக்க வேண்டிய ரெண்டு பேர் வரல. அந்தப் பக்கம் ரெண்டு வரிசை எச்சில் இலை அப்படியே கிடக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னு கத்தறாங்க.

நான் குனிஞ்சு அக்கா காதுல சொன்னேன். "ஒரே ஒரு வரிசை மட்டும்க்கா..."

நானே எடுத்திருக்கலாம். எனக்கும் ரெண்டு கை இருந்துச்சே. அப்போ தோணவே இல்ல... இல்ல, பொய். தோணுச்சு. சூப்பர்வைசர் எச்சில் இலை எடுக்கறதான்னு இருந்துச்சு.

அக்கா ஒரு வாய்கூட வைக்காம இலையை மூடினாங்க. பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிகிட்டு, முதல்ல தன்னோட இலையைத்தான் கூடையில போட்டாங்க.

"பொண்ணோட அம்மாவா இலை எடுக்கறாங்க?"ன்னு மாப்பிள்ளையோட பெரியம்மா கேட்டது எனக்கே கேட்டுச்சு. அக்காவுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு எப்பவும் போல வேலைக்கு வந்தாங்க. முதல் பந்தி முடிஞ்சும் என்கிட்ட வரல. நானே போய், கூட்டு எப்படிக்கான்னு கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும், சார்"ன்னாங்க.

அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் சார்தான், தம்பி இல்ல. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரல. வேலையை விட்டுக் கிளம்பின அன்னைக்கும் வரல.

இன்னைக்கு அவங்க பொண்ணு போன் பண்ணுச்சு. "பதினாறாம் நாள் அம்மாவுக்கு இலை போட்டுப் படைக்கிறோம். வந்துடுங்கண்ணா."

வரேம்மான்னேன்.

நிதானமா சாப்பிடுங்கக்கா. இலையை நான் எடுக்கறேன்.