கியர் விழ மூன்று விநாடி

அந்தப் படகுத்துறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் ஒருவரும் இல்லை. பட்டறை முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். டீசல் விற்பவர் முதல் கயிற்றுக்கடைக்காரர் வரை "என்ன மாப்ளே, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்கள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. தலை பாதி நரைத்து, மூக்கில் கண்ணாடியும் ஏறியாயிற்று. இன்னும் மாப்பிள்ளை.

குடியிருப்பதும் பட்டறைக்கு மேலேயே, இரண்டு அறைகளில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே மாமனாரின் வழுக்கைத் தலை தெரியும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தாலும் அதே தலைதான். நல்ல மனிதர், கெட்ட வார்த்தை பேசமாட்டார், மருமகனை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

இப்போது ஒருவழியாகக் கதவு திறந்திருந்தது. எதிர்க்கரையில் கப்பல் பழுதுபார்க்கும் பெரிய துறை ஒன்றில் வேலை, கூடவே வீடு. தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுக்காரம்மாவின் அண்ணன் அங்கே பொறுப்பில் இருந்தார். "இவர் கை பட்ட எஞ்சின் நடுவழியில நிக்காதுண்ணா" என்று அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையில் வேலை கிடைத்தது. முதல் தேதி சேர வேண்டும். சட்டைப் பையில் பெயர் தைத்துக் கொடுப்பார்களாம். மாப்பிள்ளை இதை மனைவியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். அவளும் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மாமனார் மட்டும் விஷயத்தைக் கேட்டு "ம்" என்றார்.

எட்டு நாள் பாக்கி இருக்கையில் படகுக்காரம்மா படகோடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மாப்பிள்ளை, ரிவர்ஸ் போட்டா உடனே விழ மாட்டேங்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். நேத்து பன்னெண்டு பேரோட நேரா சுவத்துல போய் மோதியிருப்பேன். டயர் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க, பிழைச்சோம்."

படகுக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. ரிவர்ஸ்தான் பிரேக். அது மூன்று விநாடி யோசித்தால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த ரகப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும், கியரும் விசிறியும் சேர்ந்த கால் பின்பக்கம் வெளியே தண்ணீரில் தொங்கும். கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கியரை இழுக்கும் கேபிளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். கேபிள் என்றால் யார் மேலும் குற்றமில்லை, நாளாக நாளாக எல்லாக் கேபிளும் தளரும்.

படகைத் துறையோடு இறுகக் கட்டிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். கேபிளைக் காலிலிருந்து கழற்றி, கியர் நெம்புகோலைக் கையாலேயே தள்ளிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் 'டக்'. கேபிள் இல்லை.

அடுத்து விசிறி. அதன் நடுவே இருக்கும் ரப்பர் விட்டுப்போனால் அச்சு மட்டும் சுற்றும், விசிறி பின்தங்கும். காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, அச்சிலிருந்து விசிறி வரைக்கும் ஆணியால் ஒரே கோடாகக் கீறி, இறக்கிக் கியர் போட்டு நிறுத்தி, திரும்பத் தூக்கிப் பார்த்தார். கோடு பிசகவே இல்லை. ரப்பரும் யோக்கியம்.

கடைசியாகப் படகைக் கரையில் ஏற்றி, கியர் எண்ணெயை வடித்தார். தட்டில் இரும்புத் துகள் இல்லை, தண்ணீர் கலந்த வெண்மை இல்லை. குனிந்து முகர்ந்தார். கியர் எண்ணெய்க்கென்று ஒரு நாற்றம் உண்டு, அழுகின முட்டை மாதிரி குமட்டும். இது குமட்டவில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து பட்டறை மூலையிலிருந்த எண்ணெய் டிரம்களைப் பார்த்தார்.

படகுகளைக் கரைக்கு இழுக்கப் பட்டறையில் ஒரு டிராக்டர் உண்டு. அதற்கான எண்ணெயில் வழுக்குவதற்கென்றே மருந்து சேர்த்திருப்பார்கள். இந்தப் படகின் கியரிலோ பித்தளைக் கூம்பு ஒன்று உரசிக் கடித்தால்தான் விசிறி சுற்றும். வழுக்கு எண்ணெயில் அது எங்கே கடிக்கும்? இரண்டு டிரம்மும் ஒரே நீலம், பக்கத்தில் பக்கத்தில். மூடி மட்டும் படகுக் கியர் எண்ணெய்க்கு மஞ்சள், டிராக்டர் எண்ணெய்க்குப் பச்சை. பத்து நாளுக்கு முன்னால் இந்தப் படகுக்கு எண்ணெய் மாற்றியவர் மாமனார். அப்போது மாப்பிள்ளை பக்கத்துப் படகின் அடியில் படுத்திருந்தார். டிரம் பம்ப் கீச்சிட்டது அவர் காதிலேயே விழுந்தது, எந்த டிரம் என்று எழுந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாளாகவே மாமனார் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தேநீர் இன்னும் வரவில்லையே என்று கேட்கிறார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது மாப்பிள்ளைதான். பார்த்தால் போக முடியாதே!

"கண்டுபிடிச்சீங்களா?" என்று படகுக்காரம்மா தட்டை எட்டிப் பார்த்தார். மாமனாரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எண்ணெய் மாறிப்போச்சும்மா. டிராக்டர் எண்ணெய்."

"யார் ஊத்தினது?"

மாமனார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே நினைவில் தேடினார், பாவம், கிடைக்கவில்லை. அவர் கண்ணில் அன்று தெரிந்த பயத்தை மாப்பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்தான் என்று சொன்னால் பட்டறையின் மானம் போகும். நாளையே பொறுப்பு மொத்தமும் தன் தலையில் விழும். நான்தான் என்று சொன்னால் எதிர்க்கரை வேலை போகும். இரண்டில் எதைச் சொன்னாலும் வந்து சேரும் இடம் இந்தப் பட்டறைதான். அந்த எரிச்சலில் கத்திவிடலாம் போலிருந்தது. ஆனால் கிழவர் இன்னும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா. வேற நினைப்புல கை மாறிடுச்சு."

படகுக்காரம்மா தட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "பன்னெண்டு பேர் மாப்பிள்ளை. ரெண்டு கைக்குழந்தை. நான் எங்கண்ணன்கிட்ட எப்படிச் சொல்லாம இருக்கிறது?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. இருக்காதா பின்னே? அவர் வாக்குக் கொடுத்த ஆள் அல்லவா!

சாயங்காலம் எதிர்க்கரையிலிருந்து போன் வந்தது. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மனைவி பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, உண்மையச் சொல்லுங்க. அப்பாதானே?"

"நான்தான்னு சொன்னேன்ல."

அவள் அழவில்லை. ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். ஒவ்வொன்றும் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

மறுநாள் காலை மாமனார் பத்து வயது குறைந்த மாதிரி பட்டறைக்குள் வந்தார். முகத்தில் தெளிவு. நேரே டிரம்களிடம் போய்ப் பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. மனுஷன்னா கை தவறும்தான். ஆனா இது ஜனங்க உயிர் விஷயம். இனிமே எண்ணெய்ப் பக்கம் நீங்க வர வேண்டாம். எல்லாப் படகுக்கும் நானே ஊத்திக்கிறேன்."

அந்தத் தப்பைத்தான் மாப்பிள்ளை நேற்றே தன் பெயரில் எழுதிக்கொண்டாயிற்றே. மாமனார் வாளியோடு குனிந்தார். மாப்பிள்ளை செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். கிழவரின் கை பச்சை மூடிக்குப் போயிற்று.

"மாமா, மஞ்சள்."

"எனக்குத் தெரியும் மாப்ளே" என்று சிரித்துக்கொண்டே கிழவர் கையை மாற்றினார். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

மாப்பிள்ளை நகரவில்லை. அன்று இன்னும் நான்கு படகு பாக்கி இருந்தது.