முதுகு காட்டும் இருக்கைகள்

பாரிஸ் நகரத்துப் பொதுச் சைக்கிள்களில் பாதிக்குக் கழுத்தைத் திருகியவள் எங்கள் கீஸ்லேன். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். மெனில்மோந்தான் மேட்டில், யாரும் எடுத்துப் போகிற சைக்கிள் நிலையத்தில் நிற்கிற இருபதில், நாளுக்கு ஒன்று. அதுவும் கழுத்தை அல்ல, இருக்கையை.

மாலையில் வெங்காயத்தாள் எட்டிப் பார்க்கும் பையோடு வருவாள். சக்கரங்களைக் கட்டைவிரலால் அழுத்துவாள், மணியை அடிப்பாள். சந்தையில் முலாம்பழம் தட்டுகிற அதே முகம். நல்லதாக ஒன்று அகப்பட்டதும் அதன் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு நடையைக் கட்டுவாள். இருக்கை முதுகு காட்டினால் வண்டி பழுது என்று ஊருக்கே தெரியும். அடுத்தவர் ஏமாறாமல் இருக்க யாரோ நல்லவர்கள் தொடங்கிய வழக்கம். அந்த நல்லவர்களின் தயவில் கீஸ்லேனுக்குக் காலையில் ஒரு வண்டி நிச்சயம்.

"நான் எங்க பொய் சொன்னேன்? சீட்டைத் திருப்பினேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ண?" என்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மேட்டுக்காரர்கள் காலையில் சைக்கிளில் சறுக்கி இறங்குவார்கள். ஏறி வர மட்டும் பேருந்து. கீழே விட்டுப் போன வண்டிகளை மாலையில் லாரி கொண்டுவந்து நிரப்பினாலும், காலை ஏழுக்கே நிலையத்தில் காற்றுதான் நிற்கும். கீழே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவள் சமையல்காரி. முன்பு வண்டி கிடைக்காமல் இரண்டு முறை நேரம் தவறிவிட்டாள். தலைவி மதாம் பெரான்ழே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை லேட்டா வந்தா அடுப்பு வேற ஆளுக்கு, கீஸ்லேன்." கீரைச் சாற்றை 'டைனோசர் சூப்' என்று சொல்லி இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஊட்டிய அடுப்பு!

போன மாதம் ஒரு நாள் பேருந்து, மெட்ரோ எல்லாம் வேலைநிறுத்தம். முந்தின மாலை ஒன்றைத் திருப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் போய்ப் பார்த்தால் இருபது இருக்கைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன! தெருவே இத்தனை நாளும் சன்னல் வழியாக அவளைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறது.

ரொட்டிக்கடை ஃபாபியான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "இதுல என் வண்டி எதுன்னு தெரியுதா மதாம்?"

"என்னைக் கேளு! என் வித்தையத் திருடினதுதான் திருடின, ஒரு அடையாளமாவது வெச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க மட்டும் வெச்சீங்களா?"

வைக்கவில்லை. இத்தனை வருடமும் அதற்குத் தேவை இருக்கவில்லை.

மணி ஏழு இருபது. ஏழரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். கைக்கு வந்ததை இழுத்துக்கொண்டு ஏறினாள். இருபதில் நிஜமாகவே பழுதானது ஒன்றே ஒன்று. அது அவளுக்காகவே காத்திருந்திருக்கிறது. வண்டியில் சங்கிலி இல்லை. இறக்கத்தில் சங்கிலி யாருக்கு வேண்டும்? ஒரு மிதி மிதிக்காமல், "வழி விடுங்க, வழி!" என்று அலறிக்கொண்டு, புறாக்களை முந்திக்கொண்டு காப்பக வாசல் வரை ஒரே ஓட்டம். மதாம் பெரான்ழே அப்போதுதான் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன, கதவு தெறக்கறதுக்கு முன்னாலயே வந்துட்ட?"

 கீஸ்லேன் நேரே கீரை அலசப் போனாள். அன்று அவள் காலணிகளின் அடி மட்டும் ஏனோ அப்பளமாகத் தேய்ந்திருந்தது.

இதை எழுதி முடித்து, முனைக் காப்பிக்கடையில் அவளுக்கே படித்துக் காட்டினேன். நடுவில் காப்பி வாங்க எழுந்தவள், தன் நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நிற்க இடமில்லாத கூட்டம்; ஒருவரும் அதைத் தொடவில்லை. வந்து அதை நேராக்கி உட்கார்ந்து, ஒரு வாய் உறிஞ்சினாள்.

"பொய் சொன்னாலும் சரியாச் சொல்லுங்க மதாம். சங்கிலி இருந்துச்சு. பிரேக்குதான் இல்ல."