அஷ்டமியில் போன பஸ்

எங்க சேவை சங்கத்துக்கு ஜூலையில வருஷம் பொறக்கும். டிசம்பர்ல அரை வருஷக் கூட்டம். மாவட்டத்துல இருந்து ஒரு பெரிய மனுஷர் வந்து உக்காந்து, இதுவரைக்கும் இன்னா கிழிச்சீங்கன்னு ரொம்ப மரியாதையா கேப்பாரு. இந்த வருஷம் நான்தான் தலைவி. காட்டூர்ல உரக்கடை வெச்சிருக்கேன், வாய் கொஞ்சம் நீளம், நன்கொடை வசூலுக்கு லாயக்குன்னு என்னைப் புடிச்சி உக்கார வெச்சிட்டாங்க.

மரக்கன்னு நட்டோம், ஆடு மேஞ்சிடுச்சி. ஒரு பொண்ணுக்குத் தையல் மிஷின் குடுத்தோம், அது நல்லா ஓடுது. எனக்கே ரவிக்கை தெச்சிக் குடுத்து கூலியும் கறாரா வாங்கிடுச்சி. ஆனா நாங்க மலைபோல நம்பி இருந்தது கண் ஆபரேஷனைத்தான். பசியாவரம் பழவேற்காட்டு ஏரிக்குள்ள இருக்கற தீவு. மழைக்கு முன்னாடியே டாக்டருங்களை அங்க கூட்டினு போய் எல்லாருக்கும் கண்ணு பாத்தாச்சி. புரை விழுந்தவங்களை எங்க செலவுல பஸ் வெச்சி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறதுன்னு பேச்சு.

அதுல வலை தைக்கற அம்மா ஒருத்தங்க. வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப வருஷம். ஒரே மகன், அவர் ஏரியில தொழில் பண்றாரு. அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு எப்பவோ போச்சி. இன்னொண்ணுல புரை முத்திப் போயிருந்துச்சி. தள்ளிப் போட்டா இதுவும் போயிடும்னு டாக்டர் என்கிட்டயே சொன்னாரு. அவங்க போட்ட முடிச்சு அவுந்து எறா தப்பிச்சிப் போவுதுன்னு, வலை குடுக்கறதை ஊர்க்காரங்க நிறுத்திட்டாங்க. கண்ணு தெரியாததைக் கூடத் தாங்கிப்பேன், கை சும்மா கெடக்கறதைத்தான் தாங்க முடியலன்னு என்கிட்ட சொல்லிச்சி அந்தம்மா.

பஸ்ஸுக்கு நாள் குறிச்சோம். எங்க சங்கத்துல முக்காவாசிப் பேரு நெல்லு வெவசாயம். ஒண்ணாக் கூடி யோசிச்சி, அமாவாசைன்னு முடிவு பண்ணோம். டிராக்டர் வந்தப்புறமும் எங்க பக்கம் அமாவாசையில ஏர் கட்ட மாட்டாங்க. ஊரே சும்மா இருக்கும், எல்லாருக்கும் தோதுப்படும்னு நெனப்பு. ஒருத்தர் கூட மறுத்துப் பேசல.

அன்னிக்கி பழவேற்காட்டுப் படகுத்துறையில பஸ் நின்னுது, இட்லிப் பொட்டலத்தோட நாங்களும் நின்னோம். ஒரு ஜனம் வரல. வந்துச்சே எனக்கு ஆத்திரம்! ஓசியில கண்ணு குடுத்தா கசக்குதான்னு கத்திக்கினே ஒரு படகுல ஏறிட்டேன்.

ஏரிக்குள்ள போனதும் என் வாய் தானா மூடிக்கிச்சி. பசியாவரத்து ஜனமே வலையோட தண்ணியில நின்னுது. அமாவாசைக்குத்தான் முகத்துவாரத்துல தண்ணி வேகமா ஏறி எறங்குமாம், எறா கூட்டம் கூட்டமா ஓடுமாம். யாரு எந்த எடத்துல வலை போடணும்னு அவங்களுக்குள்ள ஒரு முறை உண்டு, அதுக்குப் பாடுன்னு பேரு. அமாவாசையில பாடு கெடைக்கறது தீபாவளி போனஸ் மாதிரின்னு படகுக்காரர் சொன்னாரு. அதை வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் துணையா யாரு வருவாங்க? அட கடவுளே, இத்தினி பேரு கூடி யோசிச்சோமே, ஏரிக்காரங்க ஒருத்தரைக் கேட்டோமா?

கரையில அந்தம்மா மட்டும் தலை வாரி, துணிப்பையை மடியில வெச்சிக்கினு கெளம்பி உக்காந்திருந்தாங்க. மகனுக்கு அன்னிக்கிப் பாடு. "அவனைத் திட்டாதம்மா, நான்தான் போடான்னு அனுப்பிச்சேன்"னாங்க.

உங்களுக்குத் தோதான நாள் எதுன்னு அப்பதான் கேட்டேன். அஷ்டமியாம். தண்ணி அசையாம கெடக்குமாம், எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்களாம்.

சங்கத்துல வந்து சொன்னா பூகம்பம். எங்க பொருளாளர் ரைஸ்மில் வெச்சிருக்காரு, அஷ்டமி நவமியில செருப்பு கூட வாங்காத மனுஷன். அன்னிக்கிப் போய் கண்ணுல கத்தி வெக்கறதா, ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா பழி யாரு தலையிலன்னு குதிச்சாரு. நான் மட்டும் இன்னா, அஷ்டமியில புது மூட்டை பிரிக்காதவதான். அதுவும் அந்தம்மாவுக்கு இருக்கறதே ஒத்தைக் கண்ணு. ஆனாலும் சொல்லிட்டேன்: "நமக்கு நல்ல நாள் பாத்தோம், பஸ் காலியா நின்னுது. இப்ப அவங்க நாளுல போவட்டும்."

ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடி நாள் மாத்தி வாங்கினேன். அஷ்டமியன்னிக்கி விடியக்காலம் பஸ்ல நிக்க எடமில்ல. மில்காரர் மொணகிக்கினே வந்தாரு, கையில நாலு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒண்ணா வெச்சி நசுக்கினப்புறம்தான் வண்டியை எடுக்க வுட்டாரு.

அரை வருஷக் கூட்டத்துல அந்த பஸ் போட்டோவுக்கு நல்ல கைத்தட்டல். அடுத்த பஸ் எப்பன்னு மாவட்டத்துல இருந்து வந்தவர் கேட்டாரு. மில்காரர் எழுந்து, தை மாசம் வர்ற அஷ்டமின்னு சத்தமா சொன்னாரு. நான் ஒண்ணை மட்டும் அங்க சொல்லல, சொன்னா அழுதுடுவேன்னு பயம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில கட்டு அவுத்தாங்க. நர்ஸ் வெரலைக் காட்டி எத்தினின்னு கேட்டாங்க. அந்தம்மா வெரலைப் பாக்கவே இல்ல. பின்னாடி நின்ன மகனையே பாத்துக்கினு இருந்தாங்க. கிட்ட கூப்ட்டு அவர் தலையைத் தொட்டாங்க.

"இன்னாடா, இப்பிடி நரைச்சிப் போய்ட்டே. அப்பிடியே உங்க நைனா மாதிரி இருக்கியேடா."

அவ்ளோ பெரிய ஆளு, துண்டால மூஞ்சியை மூடிக்கினு தேம்ப ஆரம்பிச்சிட்டாரு. அந்தம்மா துண்டைப் புடிச்சி இழுத்தாங்க.

"மூடாதடா. பாத்துக்கறேன்."